வேர்க்கால்வாய் சீலர்கள்: பெட்டியில் உள்ள சொல்லும் பல்லுக்குள் நடப்பதும்

பல்லின் வேர்க்கால்வாயை அடைக்க விற்கும் சீலர் எனும் இறுகும் பசை எதை எடுத்தாலும் பெட்டியில் ‘உடலுக்கு ஒத்தது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கராம்பு எண்ணெய்ச் சாரத்தில் குழைக்கும் பழைய வெள்ளைத் தூளிலும் அந்த வரி உண்டு. ஊசிக்குழலில் தயாராக வரும் விலை கூடிய பயோசெரமிக்கிலும் உண்டு. இரண்டு பெட்டியும் பொய் சொல்லவில்லை. குழைத்த கையோடு சோதித்தால் அனேகமாக எல்லாச் சீலரும் கலங்களைக் கொல்லும். இறுகிய பிறகு சோதித்தால் சில அடங்கிவிடும், சில அடங்காது. ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டியது, எந்த நிலையில், எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு பரப்பில் சோதித்தார்கள் என்பதைத்தான். கிழக்கிலங்கையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை கரையோரக் கிளினிக்குகளில் வேர் அடைக்கும் பல் வைத்தியர்களுக்கும், அந்தக் கதிரையில் இருக்கப்போகிறவர்களுக்கும் சீலர் வகைகளை அந்தக் கேள்வியோடு பார்த்து எழுதிய மதிப்பீடு இது.

வேருக்குள் போவதில் பெரும்பகுதி கட்டா பெர்ச்சா குச்சி. பெயர் மரப்பாலின் பெயராக இருந்தாலும் குச்சியில் அந்தப் பால் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். 60 முதல் 75 சதவீதம் வரை நாக (சிங்க்) ஒட்சைட்டு, மிச்சம் மெழுகும் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான உலோக உப்புகளும். இறுகிக் கிடக்கும் குச்சி இழையத்தோடு பெரிதாகச் சண்டை பிடிப்பதில்லை. சண்டை பிடிப்பது குச்சிக்கும் வேர்ச் சுவருக்கும் இடையில் உள்ள இடைவெளியை நிரப்பும் சீலர்தான். அது ஈரமாகப் போய் உள்ளே இறுகும் பொருள். இறுகும் வரை வேதிப்பொருட்களைக் கசியவிடும். சில இறுகிய பின்னும் கசியும்.

சோதனை எப்படி நடக்கிறது

பல் மருத்துவப் பொருட்களின் உயிரொத்திசைவுக்கு, அதாவது உடலுக்கு ஒத்துப்போவதற்கு, அடிப்படையான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 7405. அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஓ. 10993 தொடர், அதில் 5ஆம் பகுதி கலநச்சுத்தன்மைக்கு, 6ஆம் பகுதி உடலுக்குள் பதித்துப் பார்ப்பதற்கு, 12ஆம் பகுதி மாதிரி தயாரிப்பதற்கு. சீலருக்கென்றே உள்ள ஐ.எஸ்.ஓ. 6876 வேறு விடயம். அது படலத்தின் தடிப்பு 50 மைக்ரோமீற்றருக்கு மேல் போகக் கூடாது, கரைவு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பரவல் 17 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும், எக்ஸ்ரேயில் 3 மில்லிமீற்றர் அலுமினியத்துக்கு ஈடாகத் தெரிய வேண்டும் என்று பௌதிக அளவுகளைக் கேட்கும். விற்பனையாளர் 6876 சான்றைக் காட்டி “உடலுக்கு நல்லது என்று சோதித்தது” என்றால், அவர் வேறு தாளைக் காட்டுகிறார்.

கலச் சோதனையில் வழக்கமாக எடுப்பது எல்929 எனும் எலி நார்க்கலங்கள். சீலரை வட்டத் துண்டாக வார்த்து, 37 பாகையில் வளர்ப்புத் திரவத்தில் 24 மணித்தியாலம் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கலங்களின் மேல் ஊற்றுவார்கள். அரை மில்லிமீற்றருக்கு மேல் தடித்த துண்டென்றால் ஒரு மில்லிலீற்றர் திரவத்துக்கு 3 சதுர சென்ரிமீற்றர் மேற்பரப்பு, அதைவிட மெல்லியதென்றால் 6. அடுத்த நாள் எம்.ரி.ரி. எனும் மஞ்சள் சாயத்தை விடுவார்கள். உயிருள்ள கலம் அதை ஊதாவாக மாற்றும். 570 நானோமீற்றர் ஒளியில் அந்த ஊதாவின் ஆழத்தை அளந்து, எதுவும் சேர்க்காத கலங்களோடு ஒப்பிடுவார்கள். உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்று கணக்கு.

இந்தச் சோதனை பிழையாகும் இடங்கள் பல. முதலாவது, எந்த நேரத்தில் துண்டை ஊறவைத்தார்கள் என்பது. எப்பொக்சி சீலரைக் குழைத்து ஒரு மணித்தியாலத்தில் போட்டால் கலங்கள் சாகும். இரண்டு நாள் இறுகவிட்டுப் போட்டால் பெரும்பாலும் பிழைக்கும். இரண்டாவது காரம். கல்சியம் சிலிக்கேற்றுச் சீலர் இறுகும்போது பி.எச். 12ஐத் தாண்டும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோவது எல்லோருக்கும் தெரியும். தட்டில் உள்ள கலங்களுக்கும் அதுதான் நடக்கிறது. தட்டில் திரவம் ஓடாது. உயிருள்ள இழையத்தில் இரத்தம் ஓடும், காரத்தைக் கழுவி அடக்கும். எனவே தட்டில் மோசமாகத் தெரிந்த பொருள் எலும்பருகே நன்றாக நடந்துகொள்ளலாம். மூன்றாவது, ஈரம் தேவைப்படும் சீலரைக் காய்ந்த அச்சில் வார்த்து ‘இறுகியது’ என்று சோதிப்பது. அது இறுகியிருக்காது, முடிவும் செல்லாது. சாற்றை நீர்த்துப் பார்க்காத ஆய்வையும் நம்ப வேண்டாம். பாதியாகவும் காலாகவும் நீர்த்தபோது கலங்கள் எழும்பினவா என்பதுதான் நச்சின் வலிமையைக் காட்டும்.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 30ஆம் இலக்க ஃபைலால் (கால்வாயை அராவும் கருவி) முடித்த வேர் நுனியின் விட்டம் 0.3 மில்லிமீற்றர், திறந்த பரப்பு சுமார் 0.07 சதுர மில்லிமீற்றர். ஆய்வுகூடத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 300 சதுர மில்லிமீற்றர் வைத்துச் சோதித்தார்கள். வேர் நுனியில் படுவதைவிட நாலாயிரம் மடங்குக்கு மேல். சீலர் வேருக்குள் நின்றால் இழையம் காணும் அளவு அவ்வளவு சின்னது. அதே சீலர் நுனியைத் தாண்டி ஒரு மில்லிமீற்றர் ஆரமுள்ள துளியாக எலும்புக்குள் போனால் அதன் மேற்பரப்பு 12.6 சதுர மில்லிமீற்றர். உள்ளே நின்றதைவிட ஏறத்தாழ 180 மடங்கு. எந்த பிராண்டை எந்த பிராண்டோடு ஒப்பிட்டாலும் இந்தளவு வித்தியாசம் வராது. சீலரை எங்கே நிறுத்துகிறோம் என்பதற்கு அடுத்த இடம்தான் எந்தச் சீலர் என்பதற்கு.

கலச் சோதனைக்கு அடுத்த படி பதித்துப் பார்ப்பது. சீலரை நிரப்பிய சிறு குழாய்களை எலியின் தோலின் கீழ் வைத்து, சில நாட்களில் ஒரு தடவை, சில வாரங்களில் ஒரு தடவை, மூன்று மாதமளவில் ஒரு தடவை எடுத்து வெட்டிப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் அழற்சி எல்லாவற்றுக்கும் இருக்கும், வெறும் குழாய்க்கும் இருக்கும். கடைசித் தவணையில் அழற்சிக் கலங்கள் குறைந்து மெல்லிய நார்ப்படலம் சுற்றி மூடியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. விற்பனைத் தாளில் முதல் வாரப் படம் மட்டும் இருந்தால் மிச்சத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இயூஜினோல் சீலர்

குறோஸ்மன் வாய்ப்பாட்டில் தூள் நூறு பங்கில் நாக ஒட்சைட்டு 42, றெசின் 27, பிஸ்மத் சப்காபனேற்று 15, பேரியம் சல்பேற்று 15, சோடியம் போரேற்று 1. திரவம் இயூஜினோல், அதாவது கராம்பு எண்ணெயின் சாரம். விலை குறைவு, எடுத்துச் செல்லச் சுகம், திரும்ப எடுப்பதும் எளிது. நீண்டகால அனுபவம் உள்ள பொருள்.

உயிரொத்திசைவில் இதற்குள்ள குறை அடிப்படையானது. நாக ஒட்சைட்டும் இயூஜினோலும் சேர்ந்த பிணைப்பு நீர் பட்டால் திரும்பவும் பிரியும். ஆகவே இறுகிய பிறகும் இயூஜினோலும் நாக அயனும் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். குறைந்த அளவில் இயூஜினோல் வலியைத் தணிக்கும், கூடிய அளவில் கலத்தைக் கொல்லும். எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் குழைக்கும் கை தீர்மானிக்கிறது. தண்ணியாகக் குழைத்தால் சேராத இயூஜினோல் மிஞ்சும். அந்த மிச்சம்தான் நச்சு.

தூளை மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொன்றாகத் திரவத்தில் சேர்த்து அழுத்திக் குழைக்க வேண்டும். போதுமா என்று பார்க்க இரண்டு பழைய வழிகள் இன்றும் நல்லவை. ஸ்பெச்சுலாவைத் தட்டிலிருந்து மெல்ல உயர்த்தினால் அறாமல் இரண்டரை சென்ரிமீற்றர் நூல் வர வேண்டும். ஸ்பெச்சுலாவின் விளிம்பைக் கீழே பிடித்தால் 10 முதல் 15 வினாடிகள் விழாமல் நிற்க வேண்டும். அதற்கு முன் விழுந்தால் தூள் காணாது.

எங்கள் பக்கத்துக் காலநிலை இந்தச் சீலருக்கு எதிரி. இயூஜினோல் சீலர் இறுகுவதை ஈரமும் வெக்கையும் கெதிப்படுத்தும். கச்சான் வீசும் நாட்களின் சூடும், மாரியின் ஈரமும், ஏசி இல்லாத அறையும் சேர்ந்தால் பெட்டியில் எழுதிய வேலை நேரம் கிடைக்காது. அவசரத்தில் தூளைக் குறைத்துத் தண்ணியாகக் குழைப்பார்கள், இயூஜினோல் கூடும். கண்ணாடித் தட்டை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது இன்னொரு பிழை. வெளியே எடுத்த கணத்தில் தட்டு வியர்க்கும், அந்தப் பனித்துளி சீலரை இன்னும் கெதியாக இறுக்கும். தட்டு குளிரலாம், வியர்க்கக் கூடாது. தூள் போத்தலுக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு, எடுத்தவுடன் மூடுவது போதுமான பாதுகாப்பு.

மேலே கொம்போசிற் நிரப்பப் போகிறீர்கள் என்றால் இயூஜினோலை அறையின் தரையிலிருந்து முழுதாகத் துடைத்தெடுக்க வேண்டும். மிச்சம் றெசின் இறுகுவதைத் தடுக்கும்.

மதிப்பு: நன்றாகக் குழைக்கத் தெரிந்த கையில், வேருக்குள் நிற்கும் வரை இன்றும் ஏற்கலாம். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லில் வேர் நுனி சைனஸ் எனும் கன்ன எலும்புக் காற்றறைக்கு அருகே இருந்தால் வேண்டாம். நாகம் உள்ள சீலர் சைனஸுக்குள் தள்ளப்பட்டால் அங்கே அஸ்பர்ஜிலஸ் பூஞ்சை உருண்டை வளர வழி செய்யும் என்பது மருத்துவ இலக்கியத்தில் நன்கு பதிவானது.

எப்பொக்சி றெசின் சீலர்

ஏ.எச். பிளஸ்தான் உலகெங்கும் மற்றவற்றை ஒப்பிடும் அளவுகோல். அதற்கு முன்னைய ஏ.எச். 26 இறுகும்போது போமல்டிகைட்டை வெளிவிட்டது. அதில் இருந்த ஹெக்சமெதிலீன் டெட்ராமின்தான் காரணம். ஏ.எச். பிளஸில் அந்தப் பொருளை எடுத்துவிட்டு வேறு அமீன்களை வைத்தார்கள். போமல்டிகைட் வெளிவருவது மிகச் சிறிதளவாகக் குறைந்தது. பெயர் ஒரேபோல இருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணி விற்பவர்களும் வாங்குபவர்களும் உண்டு. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: தூளும் பிசினும் என்றால் பழையது, இரண்டு பசைக் குழாய்கள் என்றால் புதியது.

இரண்டு குழாயிலிருந்தும் ஒரே நீளத்துக்குப் பசையைப் பிழிந்து, கோடு தெரியாமல் ஒரே நிறமாகும் வரை குழைக்க வேண்டும். அறை வெப்பத்தில் வேலை நேரம் 4 மணித்தியாலம், 37 பாகையில் இறுகுவதற்கு 8 மணித்தியாலம் என்பது தயாரிப்பாளரின் அளவு. மின்வெட்டு வந்தாலும் அந்தரப்பட வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. ஆனால் அந்த 8 மணித்தியாலமும் இழையத்துக்குக் கடினமான காலம். சேராத அமீனும் எப்பொக்சியும் அந்த நேரத்தில்தான் கசியும். இறுகிய பிறகு கரைவு மிகக் குறைவு, நச்சும் வேகமாகக் குறையும். இயூஜினோல் சீலரோடு ஒப்பிட்டால் இதுதான் அடிப்படை வித்தியாசம்: இதன் தீங்கு முன்பக்கத்தில் குவிந்து முடிந்துபோகிறது, அதன் தீங்கு நீண்டு இழுபடுகிறது.

பிழை வரும் இடம் விகிதம். ஒரு குழாயிலிருந்து கூடுதலாக வந்தால் மிச்சப் பகுதி சேராமல் ஈரமாகவே கிடக்கும். ஒரே குழாயின் தொடக்கத்தில் வருவதும் நடுவில் வருவதும் கடைசியில் வருவதும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதும் சோதித்துக் காட்டப்பட்ட விடயம். நிற்கும்போது றெசின் பிரிந்து ஒரு பக்கம் சேர்வதுதான் காரணம். கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் வெயிலில் பார்சலாக வரும் குழாய்க்கு இது இன்னும் கூட நடக்கும் என்றே எண்ணி வைக்க வேண்டும். புதிய குழாயைத் திறந்ததும் எண்ணெய்போல் தெளிவாக வரும் முதற்பகுதியைப் பிழிந்து எறியுங்கள். கஞ்சத்தனம் பார்க்கும் இடம் அதுவன்று.

கால்வாய் நன்றாகக் காய வேண்டும். கடைசியாகக் கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட்டால் கழுவிவிட்டு உடனே அடைத்தால் மிஞ்சும் ஒட்சிசன் றெசினின் பிடியைக் கெடுக்கும். கல்சியத்தைப் பிடிக்கும் கழுவுதிரவமான ஈ.டி.ரீ.ஏ. 17 சதவீதத்தில் ஒரு நிமிடம், பிறகு சலைன், பிறகு ஈரம் உறிஞ்சும் பேப்பர் பொயின்ற் என்ற வரிசை நல்லது. உதவியாளர்களுக்கு ஒரு சொல்: குழையாத எப்பொக்சிப் பசை தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரும். தட்டைத் துடைக்கும்போதும் கையுறை வேண்டும். வெறுங்கையால் பஞ்சில் துடைப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது; நிறுத்த வேண்டிய வழக்கம்.

மதிப்பு: சாதாரண வேர்களுக்கு இன்னும் எமது முதல் தெரிவு.

கல்சியம் ஐதரொட்சைட்டுச் சீலர்

சீலாபெக்ஸ் போன்றவை. சுண்ணாம்பின் காரம் எலும்பைத் தூண்டும் என்ற நம்பிக்கையில் வந்தவை. காரத்தை வெளிவிட வேண்டுமென்றால் சீலர் கரைய வேண்டும். கரைந்தால் அடைப்பு போய்விடும். இந்த முரண்பாட்டுக்கு விடை கிடைக்கவில்லை. வருகைகளுக்கிடையில் வைக்கும் மருந்தாகக் கல்சியம் ஐதரொட்சைட்டுக்கு நிகரில்லை. நிரந்தரச் சீலராக வாங்கக் காரணம் இல்லை.

கல்சியம் சிலிக்கேற்றுச் சீலர், அதாவது பயோசெரமிக்

இதன் மூலக்கதை சீமெந்து. 1993இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொரபினெஜாட் குழுவினர் அறிமுகப்படுத்திய எம்.ரி.ஏ. நுண்ணிய போர்ட்லண்ட் சீமெந்து 75, பிஸ்மத் ஒட்சைட்டு 20, ஜிப்சம் 5 என்ற கலவை. 1998இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வேரில் துளை விழுந்த இடத்தை மூடவும், நுனி மூடாத பிள்ளைகளின் பல்லுக்கும் அதை மிஞ்ச நீண்ட காலம் எதுவும் இல்லை. ஆனால் அது சீலர் அன்று. மணல்போல் இருக்கும், 2 மணித்தியாலம் 45 நிமிடத்தில் இறுகும், முன்பல்லில் பிஸ்மத் கறுத்துப்போகும். தூள் மூன்றுக்கு நீர் ஒன்று. கிணற்று நீரோ குழாய் நீரோ வேண்டாம், கிருமி நீக்கிய காய்ச்சி வடித்த நீர் மட்டும். திறந்த பக்கற்றை மடித்து லாச்சிக்குள் வைத்துப் பிறகு பாவிப்பது எங்கள் கரையோர ஈரத்தில் பெரிய பிழை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி அது பக்கற்றுக்குள்ளேயே பாதி சீமெந்தாகியிருக்கும். குறுணி குறுணியாக இருந்தால் எறிந்துவிடுங்கள்.

அதே வேதியியலைச் சீலராக்கியவை இரண்டு வகை. ஐரூட் எஸ்.பி. போன்று ஊசிக்குழலில் தயாராக வருபவை ஒன்று, பயோரூட் ஆர்.சி.எஸ். போன்று தூளும் திரவமுமாக வருபவை மற்றது. இரண்டிலும் பிஸ்மத்துக்குப் பதில் சிர்க்கோனியம் ஒட்சைட்டு இருப்பதால் பல் கறுப்பது குறைவு. இறுகும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டாகி, உடற்திரவத்தின் பொஸ்பேற்றோடு சேர்ந்து எலும்புக் கனிமம் போன்ற படிவு மேற்பரப்பில் உருவாகும். முதல் நாளின் காரம் அடங்கிய பிறகு கலங்கள் இதன் மேல் ஒட்டி வளர்கின்றன. சோதனைகளில் இவற்றைத் தனித்துக் காட்டுவது இதுதான்: இழையம் இதைப் பொறுத்துக்கொள்வதோடு நிற்காமல் இதன் மேல் வேலையும் செய்கிறது.

தயாராக வரும் வகைக்குள் நீர் இல்லை. வேர்ச் சுவரின் நுண்குழாய்களில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். எப்பொக்சிக்குப் பழகிய கை கால்வாயை எலும்புபோல் காயவைத்தால் 4 மணித்தியாலத்தில் இறுக வேண்டியது 10 மணித்தியாலத்தைத் தாண்டும். அவ்வளவு நேரமும் காரம் கசியும். பேப்பர் பொயின்றின் நுனி மட்டும் நனைந்து வரும் நிலையில் நிறுத்துங்கள். ஈ.டி.ரீ.ஏ. மிஞ்சக் கூடாது, அது கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், சீலர் இறுகாது. நீரால் அல்லது சலைனால் கழுவிய பிறகே அடைக்க வேண்டும். ஊசிக்குழலின் முனையைக் கால்வாயின் மேல் மூன்றிலொரு பங்குக்குக் கீழே இறக்க வேண்டாம். மிச்சத்தைக் குச்சியே கொண்டுபோகும். கீழே இறக்கி அழுத்தினால் நுனியைத் தாண்டும். இந்தச் சீலர் நன்றாகப் பாயும் என்பதால் தாண்டுவது தெரியவும் வராது.

தூள் திரவ வகைக்கு ஒரு கரண்டி தூளுக்கு 5 துளி திரவம், சுமார் ஒரு நிமிடம் குழைப்பு. வேலை நேரம் பத்து நிமிடத்தைச் சற்றே தாண்டும், எனவே குச்சி அளவு பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, எல்லாம் தயாரான பிறகே குழைக்கத் தொடங்க வேண்டும். சூடாக்கி அழுத்தும் முறைக்கு இது பொருந்தாது. வெப்பம் நீரை ஆவியாக்கிவிடும்.

குறையும் உண்டு. திரும்ப எடுப்பது பெருங்கஷ்டம், கரைக்கும் திரவம் இல்லை. குச்சியை முழு நீளத்துக்கு இறக்காமல் அடியில் சீலர் மட்டும் இறுகிவிட்டால் மறுசிகிச்சையில் ஃபைல் இறங்காது. விலையும் சிறிய கிளினிக்குக்குப் பாரம்.

மதிப்பு: நுனி அகன்ற வேர், ஈரம் முழுதாக அடங்காத வேர், ஒற்றைக் குச்சியால் அடைக்கும் வேலை, இவற்றுக்கு எப்பொக்சியைவிட முந்தும். படுவான்கரையிலிருந்தோ தூரத்துக் கிராமங்களிலிருந்தோ வந்து மறுபடி காட்ட வராமல் போகக்கூடியவர்களுக்கும் இதையே சொல்வோம். நுனியருகே சிறிது பிசகினாலும் நீண்டகால எரிச்சல் குறைவு.

பெயரில் மயங்க வேண்டாத ஒன்று: எம்.ரி.ஏ. ஃபில்லாபெக்ஸ். பெயரில் எம்.ரி.ஏ. இருந்தாலும் அடிப்படை சலிசிலேற்று றெசின், எம்.ரி.ஏ. அதில் ஒரு சேர்மானம்தான். கலச் சோதனைகளில் தூய சிலிக்கேற்றுச் சீலர்களைவிட நச்சுக் கூடியதாகவே மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது. பயோசெரமிக் விலையை இதற்குக் கொடுக்காதீர்கள்.

போமல்டிகைட் உள்ள பசைகள்

பரபோமல்டிகைட் சேர்த்த என்2 வகைப் பசைகளுக்கு இங்கே இடமே இல்லை. நரம்பை ‘சாகடித்து’ வலியை நிறுத்துவதால் அன்றைக்கு நல்ல மருந்துபோல் தோன்றும். நுனியைத் தாண்டினால் எலும்பையும் நரம்பையும் நிரந்தரமாகக் கெடுக்கும். அமெரிக்க வேர்ச்சிகிச்சை வல்லுநர் சங்கம் இவற்றைப் பாவிக்கக் கூடாது என்றே நிலைப்பாடு எடுத்திருக்கிறது. என்டோமெதசோன் வாங்குகிறீர்கள் என்றால் பழைய வாய்ப்பாட்டில் பரபோமல்டிகைட் இருந்தது, ‘என்’ என்று முடிவதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத தூள்களில் உள்ளடக்கம் எழுதியிருக்காவிட்டால் வாங்கவே வேண்டாம்.

தாண்டாமல் நிறுத்துவது

வேலை நீளத்தை எக்ஸ்ரே நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீற்றர் உள்ளே வையுங்கள். குச்சி அந்த நீளத்தில் இழுக்கும்போது சற்றே பிடிக்க வேண்டும்; பிடிக்காவிட்டால் ஒரு அளவு பெரிய குச்சி. லென்டுலோ எனும் சுழலும் கம்பிச் சுருளால் சீலர் போடுபவர்கள் அதை நீளத்துக்கு 3 அல்லது 4 மில்லிமீற்றர் மேலே நிறுத்தி, வலஞ்சுழியாக, குறைந்த வேகத்தில் சுழற்ற வேண்டும். குச்சியை ஒரேயடியாகத் தள்ளாமல் மெல்ல மெல்ல இறக்கினால் சீலர் மேல்நோக்கி வர வழி கிடைக்கும்.

கீழ்த்தாடையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லிலும் முன்கடைவாய்ப் பற்களிலும் கூடுதல் கவனம். வேர் நுனியின் கீழேயே உதட்டு நரம்பு ஓடுகிறது. அங்கே எந்தச் சீலர் புகுந்தாலும், பயோசெரமிக் ஆனாலும், அழுத்தமும் காரமும் நரம்பைச் சேதப்படுத்தும். ‘உடலுக்கு ஒத்தது’ என்ற சொல் நரம்புக் குழாய்க்குள் செல்லாது.

வாங்கும்போது

இலங்கையில் மருத்துவச் சாதனங்களைப் பதிவு செய்வது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. 13485 என்று காட்டினால் அது தொழிற்சாலையின் தர முகாமைக்கான சான்று. சீலர் கலத்தைக் கொல்லுமா என்று அது சொல்லாது. 7405இன் கீழ் என்ன செய்தார்கள், புதிதாகவா இறுகிய பின்னா, எத்தனை நாள் கழித்து என்று எழுத்தில் கேளுங்கள். தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் நோயாளியின் அட்டையில் எழுதி வையுங்கள். பிறகு ஏதும் நடந்தால் எந்தப் பெட்டி என்று தேட அதுதான் வழி.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் சீலரின் பெயரைக் கேட்கலாம், அட்டையில் எழுதித் தரச் சொல்லலாம்; அது மரியாதைக் குறைவில்லை. அடைத்த பிறகு இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது நோவு இருப்பது சாதாரணம். கீழ்ப் பல்லில் அடைத்து, ஊசியின் விறைப்பு நீங்க வேண்டிய மூன்று நான்கு மணித்தியாலம் கடந்தும் உதடோ நாடியோ மரத்தே இருந்தாலும், நெருப்பாய் எரிந்தாலும், அது சாதாரணமில்லை. விடியட்டும் என்று இருக்காமல் அன்றே வைத்தியரோடு கதையுங்கள். நரம்புக் குழாய்க்குள் போனதை எடுக்க வேண்டுமென்றால் முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள் எடுப்பதுதான் பலன் தரும்.

கிளினிக்கில் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. குழைத்து மிஞ்சிய சீலரைத் துடைத்து எறியாமல், ஒரு சிறு கண்ணாடித் துண்டில் மெல்லிய படலமாக விட்டு, ஈரப் பஞ்சு போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். மூடியில் திகதியும் தொகுதி இலக்கமும். அடுத்த நாள் அதே நேரத்தில் ஆய்கருவியின் நுனியால் அழுத்துங்கள். எப்பொக்சி பள்ளம் விழாமல் இருக்க வேண்டும், சிலிக்கேற்றுச் சீலர் சுண்ணாம்புக் கட்டிபோல் உடைய வேண்டும். களியாகக் கிடந்தால் குழைத்த விகிதமா, குழாயா என்று பார்க்க இன்னொருமுறை குழைத்து வையுங்கள். இரண்டாம் முறையும் களி என்றால் அந்தக் குழாயைப் பல்லுக்குப் பாவிக்க வேண்டாம், முந்தைய நாள் அதே குழாயிலிருந்து அடைத்தவர்களை ஒரு கிழமைக்குள் கூப்பிட்டுப் பாருங்கள்.